அர்த்தனாரியின் பியட்டும் அரை அம்மியும்

கொல்லிமலையில் குடியிருப்பவனிடம் போய் உன் வாசல் சாய்வாக இருக்கிறதே என்று சொல்லிப் பாருங்கள். உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பான். நடக்கப் பழகியதிலிருந்து அவன் நிற்பது, உட்காருவது, கட்டில் போட்டுப் படுப்பது எல்லாமே சாய்வில்தான். அந்த மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் சாலையோரமாக வீட்டை ஒட்டியே டிங்கர் பட்டறை போட்டிருந்த தனபாலுக்கும் அதே கண்தான்.

பட்டறை போடுவதற்கு முன்னால் அவன் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் இடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். நசுங்கிய தகரத்தை அவன் தட்டி நிமிர்த்தினால் நசுங்கிய இடத்தைக் கைவிரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மேஸ்திரி வேலை காலியானபோதெல்லாம் அவனுக்குப் பின்னால் சேர்ந்தவனைத்தான் மேஸ்திரி ஆக்கினார்கள். "மலைக்காரன் சொல்லி எங்காளுங்க வேலை செய்வாங்களா தனபாலு, நீயே சொல்லு" என்று முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டான். அவன் மனைவி தேன்மொழிக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "பதினோரு வருசத்துல ஒரே ஒருத்தனாச்சும் உங்கள மேஸ்திரின்னு கூப்பிட்டிருக்கானுங்களா?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் ஏங்கிய ஏக்கம் அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்பாள்.

இந்த நேரத்தில்தான் சேந்தமங்கலத்துப் பக்கத்துப் பெரிய பண்ணையக்காரர் அர்த்தனாரி, தன் அப்பா காலத்துப் பியட் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கினார். பதினெட்டு வருடம் களத்துக் கொட்டகையில் கிடந்த வண்டி. எஞ்சினைச் சரி செய்தாகிவிட்டது. கதவுகள்தான் நான்கும் நான்கு விதமாகத் தொங்கின. ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டும், ஒன்றைக் காலால் உதைத்துச் சாத்த வேண்டும், மற்ற இரண்டும் சாத்தவே சாத்தாது.

தனபால் வண்டிக்கு அடியில் படுத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"கதவுல ஒண்ணுமில்லீங்க. கதவுக்குக் கீழ ஓடுற சட்டம் ரெண்டு பக்கமும் துருப்புடிச்சு அப்பளமா கெடக்குது. அத வெட்டிட்டுப் புதுசு வெச்சாத்தான் வண்டி முறுக்காம நிக்குமுங்க. ரெண்டு மாசம் ஆகுமுங்க."

"ரெண்டு மாசமா? அடுத்த மாசம் எம்பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்திய இந்தக் கார்லதான் கூட்டியாரணும். சட்டமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், நீ கதவ மட்டும் பாரு."

"அது நிக்காதுங்க."

அர்த்தனாரி தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உருவி அவன் கையில் கொடுத்தார். "சுத்தியும் இந்தக் குச்சி கனம்தான் சந்து இருக்கணும். ஒத்த வெரலால தள்ளுனா டப்புன்னு சாத்தணும். தையில பழைய காருக்குன்னே ஒரு ஒர்க்‌ஷாப் போடறேன். இதச் செஞ்சு காட்டு, அங்க நீதான் மேஸ்திரி."

அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு துருவாவது சட்டமாவது.

இருபத்தாறு நாள் அவன் அந்தக் கதவுகளோடு மல்லுக்கட்டினான். தேய்ந்த கீல்களுக்குப் புது ஆணி கடைந்து போட்டான். கீலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துப் பார்த்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கதவின் இடுக்கில் கட்டையைக் கொடுத்து, முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து மயிரிழை மயிரிழையாக வளைத்தான். குச்சியைச் சந்தில் விட்டு மேலிருந்து கீழ் வரை ஓட்டுவான். எங்கே சிக்குகிறதோ அங்கே மறுபடி ஆரம்பிப்பான். கடைசி நாள் சாயங்காலம் தேன்மொழியைக் கூப்பிட்டு ஒரு விரலால் கதவைத் தள்ளச் சொன்னான். டப். நான்கு கதவும் அதே டப். அவள் நான்கையும் இரண்டு தடவை சாத்திப் பார்த்துவிட்டு, "மேஸ்திரிதானுங்க" என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அழட்டுமே, இருபத்தாறு நாள் முதுகு ஒடிந்த மனிதன்.

ஆனால் அத்தனையும் நடந்தது அந்த வாசலில். அந்த வாசலின் சாய்வில் சட்டம் செத்த வண்டி எப்படி முறுக்கி நின்றதோ அந்த முறுக்குக்குத்தான் நான்கு கதவும் பொருந்தியிருந்தன. நாமக்கல் பட்டறையில் காங்கிரீட் தரை. அங்கே யாரும் தரையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இங்கே யோசிக்க வேண்டும் என்பது மலையில் பிறந்தவனுக்குத் தோன்றவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று காலை அர்த்தனாரி சம்பந்தியையும் சம்பந்தி அம்மாளையும் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அழைத்துவந்து கும்பிட வைத்துவிட்டு, நேராகப் பட்டறைக்கு வந்து பியட்டை எடுத்துக்கொண்டார். கதவுகள் பூப்போலச் சாத்தின. சம்பந்தி மகிழ்ந்துபோனார். "நீயும் பின்னாலயே வா தனபாலு, நாலு பேருகிட்டச் சொல்லணுமில்ல" என்றார் அர்த்தனாரி. தனபால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் தொடர்ந்தான். எழுபது வளைவையும் இறங்கி எங்கும் நிறுத்தாமல் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மண்டபத்து முன்வாசல் சிமெண்டுத் தரை. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்கும், அப்படி ஒரு சமம். வண்டி வந்து நின்றது. மேளக்காரர்கள் வாசித்தார்கள், பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். கதவு திறக்கவில்லை.

அர்த்தனாரி கைப்பிடியை இழுத்தார். தோளால் இடித்தார். பின்னால் சம்பந்தி இடித்தார். நான்கு கதவும் ஆணி அடித்ததுபோல இறுகிக் கிடந்தன. உள்ளே வேர்த்துக் கொட்டியது. ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண் கை வலித்துத் தட்டை மாற்றிப் பிடித்தாள். கண்ணாடியை இறக்கி அதன் வழியாக வரச் சொன்னார் யாரோ. சம்பந்தி இருந்த பருமனுக்கு அவருடைய கை மட்டும்தான் அந்த வழியாக வரும். அவர் வாயும் சும்மா இருக்கிற வாய் அல்ல.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாலயே எங்களப் பூட்டிப் போட்டுட்டீங்களே" என்று உரக்கச் சொன்னார். நானூறு பேர் சிரித்தார்கள். அர்த்தனாரியின் முகம் கறுத்துப்போயிற்று. அவருடைய மைத்துனன் கடப்பாரையோடு ஓடிவந்தான்.

"அய்யோ, வேண்டாமுங்க!" என்று தனபால் குறுக்கே விழுந்தான். கதவின் மேல் மூலையைப் பார்த்தான். தகரம் தகரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. கீழே சிமெண்டைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டுக்கு ஓடினான். அங்கே உடைந்துபோன அம்மி ஒன்று பாதியாகக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து, பின்பக்கம் இடது சக்கரத்துக்கு முன்னால் வைத்தான்.

"ஒரு சாண் முன்னால எடுங்க."

சக்கரம் அம்மியின் மேல் ஏறியது. வண்டி ஒரு தரம் முனகியது. கைப்பிடியைத் தொட்டதும் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

சம்பந்தி இறங்கி, அம்மியைப் பார்த்து, காரைப் பார்த்து, "சாவி ரொம்பக் கனமாட்ட இருக்குதே!" என்றார். இப்போது மண்டபமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு தன்மேல் விழுவதை அர்த்தனாரி கண்டார். அதைச் சுமக்க அவருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது, பக்கத்திலேயே தனபாலின் தலை இருந்தது. அவன் தோளில் கைபோட்டுக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"நம்ம மலைக்கார மேஸ்திரிங்க! அவங்க ஊர்ல தரையே இப்படித்தானாம். நாமதான் சமமா இருந்து கெட்டுப் போயிட்டம்!"

பதினோரு வருடம் காத்திருந்து அந்தச் சொல்லை அவன் முதன்முதலாகச் சபையில் கேட்டது இப்படித்தான். கையில் அம்மித் தூசியோடு நின்று அவனும் சிரித்து வைத்தான். வேறென்ன செய்வது?

பந்தி முடிந்ததும் அர்த்தனாரியின் முன்னால் போய் நின்றான். "ரெண்டு மாசம் குடுங்க. சட்டத்த மாத்தி, சமதரையில வெச்சு, கதவ மறுபடி கட்டித் தாரேனுங்க."

"எதுக்கு? அப்பறம் எவன் பாப்பான் இந்தக் கார? வெறும் பியட்டு ஊருக்குப் பத்து இருக்குது. கல்லு வெச்சுத் தொறக்கற பியட்டு நம்முது ஒண்ணுதான். நீ கூடவே இரு, அது போதும்."

தையில் ஒர்க்‌ஷாப் திறந்தார்கள். மேஸ்திரியாக ஈரோட்டிலிருந்து யுவராஜ் என்று ஒருவன் வந்தான். தனபாலுக்குப் பியட்டின் முன்சீட்டில் இடம். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று அர்த்தனாரி எங்கே போனாலும் வண்டி நின்றதும் அவன் முன்கதவுக் கண்ணாடியை இறக்கி அதன் வழியாக உடம்பை நெளித்து வெளியே வந்து, டிக்கியைத் திறந்து, அரை அம்மியைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் சுற்றி நிற்பார்கள். அர்த்தனாரி மகாராஜா போல இறங்குவார். "அடுத்த வருசம் யுவராஜ் போயிருவான், அப்பறம் நீதான்" என்று அவ்வப்போது ஒரு பேச்சைப் போட்டுவைப்பார். அந்தப் பேச்சை நம்பி இருந்தானா என்றால், பாதி நம்பினான். மீதிப் பாதிக்குக் காரணம் தேன்மொழி. அவளிடம் அவன் மேஸ்திரி ஆகிவிட்டதாகச் சொல்லியிருந்தான். அவளும் குண்டூர் நாடு முழுக்கச் சொல்லிவிட்டாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவளை 'மேஸ்திரி ஊட்டுக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

சித்திரையில் அர்த்தனாரிக்குக் குண்டூர் நாட்டில் மிளகு பார்க்க வேண்டியிருந்தது. பியட்டிலேயே கிளம்பினார். தனபால் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தான். நாற்பதாவது வளைவுக்கு மேல் வாயைத் திறந்துவிட்டான்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. எங்கூட்டு முன்னால மட்டும் கல்லு வேண்டாமுங்க. ஊட்டுக்காரிக்குத் தெரியாதுங்க. மேஸ்திரின்னு சொல்லி வெச்சிருக்கறேனுங்க."

அர்த்தனாரி திரும்பிப் பார்த்தார். "அப்படியா சங்கதி?" என்றார். வழியெல்லாம் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. இந்த மனிதரிடமா போய் அதைச் சொல்வான் ஒருவன்!

வண்டி சரியாகத் தனபாலின் வாசலில் வந்து நின்றது. கதவுகள் கட்டப்பட்ட அதே வாசல். தேன்மொழி புதுச் சேலையில், காபி டம்ளரோடு நின்றாள். பக்கத்து வீட்டுப் பாப்பாயி, அவள் பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று பதினைந்து இருபது பேர். தனபால் தன் பக்கத்துக் கதவை ஒரு விரலால் தள்ளினான். அழகாகத் திறந்தது. இறங்கிச் சுற்றி வந்து அர்த்தனாரியின் கதவையும் திறக்கக் கை நீட்டினான். உள்ளிருந்து அவர் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"கல்லு எங்க மேஸ்திரி?"

"இங்க வேண்டாமுங்க. தானாத் தொறக்குதுங்க." குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாதா? வெய்யி."

"இந்தத் தரையில கல்லு வெச்சா இன்னும் எச்சாவா முறுக்குமுங்க. கதவு உரசிப் பெயிண்டு போயிருமுங்க."

"போனாப் போகுது. எங்காரு. உனக்கு ஒர்க்‌ஷாப்பு வேணுமா, வேண்டாமா?"

அவன் தேன்மொழியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வைத்திருக்க மாட்டான். டிக்கியைத் திறந்து அம்மியைத் தூக்கினான், குனிந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தான். வண்டி ஏறியது. கதவு கர்ரென்று உரசிக்கொண்டு திறந்தது. இருபத்தாறு நாள் அவன் முழங்கால் ஊன்றி வளைத்த விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து மண்ணில் உதிர்ந்தது.

அர்த்தனாரி இறங்கி வேட்டியை உதறிக்கொண்டு தேன்மொழியிடம் போனார். "பாத்தியா கண்ணு? இதுதான் உம்புருசன் வேலை. கீழ்நாடு பூராவும் பேரு. கல்லு மேஸ்திரின்னு சொன்னாப் பச்சப் புள்ளையும் காட்டும்."

பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு பாப்பாயி முந்தானையால் வாயைப் பொத்தினாள். தேன்மொழி அழுவாள் என்று தனபால் நினைத்தான். அழுதால் தாங்கிக்கொள்ளலாம், இரவில் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தான். அவள் அம்மியைப் பார்த்தாள், மண் ஒட்டிய அவன் கைகளைப் பார்த்தாள், தன்னைச் சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரிலிருந்து காபி தளும்பிக் கையில் வழியச் சிரித்தாள்.

"நல்லாத்தான் வெக்கறாருங்க கல்லு" என்று சொல்லி, மிச்சக் காபியை அர்த்தனாரியிடம் நீட்டினாள்.

அவர் நின்றபடியே குடித்துவிட்டு, சர்க்கரை ஒரு கரண்டி தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மிளகு பார்க்கக் கிளம்பினார். தனபால் அம்மியை எடுத்து டிக்கியில் வைத்து மூடினான். ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.