துடைக்காத கண்ணாடி

என் அண்ணனைப் போல ஓர் அசமந்தத்தை நான் பார்த்ததில்லை. மருந்துக் கிடங்கில் அவன் ஸ்டோர் கீப்பர். விலை உயர்ந்த ஊசி மருந்துகள் இருக்கும் இரும்பு அலமாரிக்குச் சாவி கிடையாது. செல்போன் அளவில் ஒரு கைக்கருவி இருக்கிறது. அதன் கண்ணாடியில் அவன் விரலை வைத்தால்தான் பூட்டு திறக்கும். இவனோ வறுவலைக் கொறித்துவிட்டு எண்ணெய்க் கையோடு விரலை வைப்பான். துடைத்துவிட்டு வை என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்துவிட்டேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

நான் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கருவியைச் செய்வது எங்கள் கம்பெனி. ஒரு ஜோடி செருப்பு விலைக்குக் கைரேகைக் கருவி கொடுப்பேன் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் பாகத்தைக்கூட வேண்டாமென்று எடுத்துவிட்டார். சோதனை என் பொறுப்பு. நாலாயிரம் முறை விரல் வைத்துப் பார்த்தோம். ஒரு தடவைகூட ஆள் மாறித் திறக்கவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் நான்.

போன வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு அந்த அலமாரி திறந்திருக்கிறது. இரண்டு பெட்டி ஊசி மருந்தைக் காணோம். கருவியின் பதிவில் இருப்பது அண்ணனின் விரல். அவன் அப்போது கேன்டீன் மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். பார்த்தவர் யாரும் இல்லை. திங்கட்கிழமை விசாரணை. வேலையும் போகும், திருடன் என்ற பெயரும் வரும்.

"நான் திறக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றான் அண்ணன், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்.

"அப்போ உன் விரல் மட்டும் தனியா நடந்து போச்சா?"

"மிஷின் உங்களோடது. நீதான் சொல்லணும்."

"அது தப்பு பண்ணாது. எதையாவது மறைக்கிறதா இருந்தா இப்பவே சொல்லித் தொலை."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். "ரெண்டு வாய் சாப்பிட விட்டியா மனுஷனை?" என்று அண்ணி என்மேல் பாய்ந்தாள். நான் என்ன செய்ய? ஒப்புக்கொள்ளவும் மாட்டேன் என்கிறான், ஒழுங்காக ஒரு காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

சனிக்கிழமை கிடங்கு மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அண்ணன் வேலையில் இருக்கும்போதே நேரில் போனேன். உள்ளே கால் வைக்கும் எல்லோரும் ரப்பர் கையுறை போட வேண்டும். விரல் வைக்கும்போது அண்ணன் மட்டும் ஒரு கையுறையைக் கழற்றிக்கொள்வான். அவன் அலமாரியைத் திறந்து காட்டினான். மூடினான். அடுத்த சோதனைக்காகத் துடைக்கும் துணியைத் தேடினேன். பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எரிச்சலோடு கருவியை எடுத்தபோது என் கட்டைவிரல் கண்ணாடியில் அழுந்தியது, கையுறையோடு.

பூட்டு திறந்தது. திரையில் 'ஸ்டோர் கீப்பர், அனுமதி' என்று வந்தது.

அண்ணன் விட்டுப்போன எண்ணெய்த் தடம் அப்படியே கண்ணாடியில் இருக்கிறது. மேலே ரப்பர் அழுந்தியதும் கருவி அந்தத் தடத்தையே விரல் என்று படித்துவிட்டது. கையுறை போட்ட எவரும் அவனாகிவிடலாம். நாலாயிரம் சோதனையில் இது ஏன் வரவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பளிச்சென்று துடைக்கச் சொல்லி எல்லோர் உயிரையும் எடுத்தவள் நான். அதைச் சோதனை விதியாகவே எழுதி வைத்திருந்தேன். உலகத்தில் எந்தக் கிடங்கில் எவன் துடைக்கிறான்? தலையில் அடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அதையே செய்து காட்டினேன். எங்கள் முதலாளியும் வந்திருந்தார். அவர் பார்த்த பார்வையிலேயே என் வேலை ஆட்டம் கண்டுவிட்டது தெரிந்தது.

"இதைச் சோதிச்சது யாரு?" என்று கேட்டார் மேலாளர்.

"நான்தாங்க. நான் சோதிச்ச விதம்தான் தப்பு."

அண்ணன்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். வியாழக்கிழமை உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாங்கள் இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். அவன் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நிறுத்தம் வந்ததும் கேட்டான். "சனிக்கிழமை நீ எதைச் சோதிக்க வந்தே? மிஷினையா, என்னையா?"

மழுப்பியிருக்கலாம். எனக்கு வாய்க்கா பஞ்சம்?

"உன்னைத்தான்," என்றேன்.

அவன் தலையாட்டினான். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தான்.