ராட்செட்டுக்கு மூன்று வாரிசு

ஜூன் பதினாலாம் தேதி மத்தியானம் ராயபுரத்தில் ஃப்ளோராவின் வீட்டுக்கு மூன்று மெக்கானிக்குகள் வந்தார்கள். சேர்ந்து வரவில்லை. பத்துப் பத்து நிமிஷம் விட்டுத் தனித்தனியாக வந்தார்கள். மூவரும் வந்தது ஒரே பொருளைக் கேட்டு.

முதலில் தேசப்பன் வந்தார். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்ப்பவர்களில் வயதில் மூத்தவர், உருவத்திலும் பெரியவர். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, மாலை போட்ட படத்தில் இருந்த ஃப்ளோராவின் கணவர் அருள்பிரகாசத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோள்துண்டை எடுத்து முறுக்கினார், பிரித்தார், மறுபடியும் முறுக்கினார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. முப்பதாம் நாள் பூசை முடியட்டும்னுதான் இத்தினி நாளு கம்முனு இருந்தேன். அருளு என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிக்கீறான். 'எனுக்கு அப்பால இந்த ராட்செட்டு உனுக்குத்தான் தேசப்பா'ன்னு."

ஃப்ளோரா பதில் சொல்வதற்குள் வாசலில் உபைதுல்லா நின்றார். கையில் பிஸ்கட் பெட்டி. தேசப்பனைப் பார்த்ததும் அவர் முகம் லேசாக மாறியது.

"இன்னா மாமு, நீ இங்க?"

"சும்மா. அண்ணியப் பாக்க."

"நானும் சும்மாதான்."

இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்தார்கள். மூன்றாவதாக வெற்றி வந்தான். முப்பது வயது, ஜிம்முக்குப் போகிறவன், சட்டைக் கை அவன் புஜத்தில் மூச்சுத் திணறும். அவனுக்குச் சும்மா என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகப் போட்டு உடைத்தான்.

"அக்கா, அண்ணனோட ராட்செட்டு பத்திரமா கீதா? அத்த எனுக்குத் தரேன்னு சொல்லிக்கினாரு."

தேசப்பனின் துண்டு பாதி முறுக்கில் நின்றது. மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது.

ராட்செட் பத்திரமாகத்தான் இருந்தது. ஃப்ளோரா அதை அலமாரியில், தன் கல்யாணப் புடவைக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கும் நடுவில், ஒரு பழைய தலையணை உறையில் சுற்றி வைத்திருந்தாள். முழங்கை நீளத்துக்குச் சற்றுக் குறைவான இரும்புப் பிடி, நுனியில் ஒரு தலை. தலையில் சாக்கெட்டை மாட்டி நட்டின்மேல் வைத்தால், ஒரு பக்கம் இழுக்கும்போது நட்டைப் பிடித்துத் திருப்பும். மறுபக்கம் வரும்போது பிடியை விட்டு டிக் டிக்கென்று சும்மா திரும்பும். எடுத்து எடுத்துப் போட வேண்டியதில்லை. இது எல்லா ராட்செட்டும் செய்கிற வேலைதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன் பர்மா பஜாரில் கப்பல் சாமான்களோடு சாமானாகக் கிடந்ததை அருள்பிரகாசம் வாங்கி வந்தார். பிடியில் இருந்த கம்பெனிப் பெயர் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்து, இப்போது தடவினால்கூடத் தெரியாது. மாதம் ஒருமுறை அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவுவார். பிறகு, ஃப்ளோராவின் தையல் மிஷின் எண்ணெயைத் திருடி இரண்டு சொட்டு விடுவார். அதற்காக நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை.

அதை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஏன் என்று கேட்டால், அவருடையது என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணமும் இல்லை. ஆனால் எதிரே மூன்று பேர் அவர் கொடுத்த வாக்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்னாண்ட எப்ப சொன்னாரு?" என்று தேசப்பன் வெற்றியைக் கேட்டார்.

"போன வருஷம். இரவல் வாங்கும்போது."

"எனுக்கும் இரவல் வாங்கும்போதுதான்" என்றார் உபைதுல்லா மெதுவாக.

தேசப்பனுக்கும் இரவல் வாங்கும்போதுதான் சொல்லப்பட்டிருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஃப்ளோராவுக்கு விளங்கிவிட்டது. இந்த ராட்செட்டுக்கு முன்னால் அவரிடம் இரண்டு இருந்தன. இரவல் போன ஒன்று கடலுக்குள் விழுந்தது. இன்னொன்றை யாரோ இரும்புக் குழாயைச் செருகி மிதித்து, உள்ளே பல் உடைந்து திரும்பி வந்தது. இரவல் கேட்பவனிடம் இல்லை என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்தில் பிழைக்க முடியாது. அதனால் மனிதர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார். கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பது, கொடுக்கும்போதே காதில், எனக்குப் பின்னால் இது உனக்கு என்று போட்டு வைப்பது.

உபைதுல்லாவுக்கும் அதே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடப்பாவி மனுசா! நம்ம பொருளுன்னு நெனச்சுகினு பொத்திப் பொத்தி வேலை பாத்தோமேடா! ஒரு தபா உள்ள ஸ்பிரிங்கு சோர்ந்துபோச்சு. நானே அலைஞ்சு திரிஞ்சு வேற மாத்திக் குடுத்தேன்."

"நான் தெனம் தொடச்சு, துணில சுத்தி எடுத்தாந்து தருவேன்" என்றான் வெற்றி. "எங்கம்மா போனைக்கூட நான் அப்டி வச்சதில்ல."

"அப்டி வெச்சுக்க வேண்டிய சாமான்தான்டா அது" என்று தேசப்பன் தன்னை மறந்து தொடங்கினார். "தலை எம்மாம் ஒல்லி தெரியுமா? வேற ராட்செட்டு பூராத சந்துலகூட அது பூரும்."

"தலைய வுடு மாமு. பல்லச் சொல்லு. பொடிப் பொடிப் பல்லு. துளி அசைச்சாப் போதும், அடுத்த பல்லப் புடிச்சிரும்."

"அந்தத் திருப்பு நெம்புகோல வுட்டுட்டீங்களே. எந்தப் பக்கம் திருப்பணுமோ, ஒத்தக் கட்டவெரல்ல மாத்தலாம். புதுசா வாங்கினேனே ஒண்ணு, அத்த மாத்த ரெண்டு கை வேணும், ஒரு மூக்கும் வேணும்" என்றான் வெற்றி.

மூவரும் ஃப்ளோராவை மறந்து ராட்செட்டுக்குள் போய்விட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது நாளில் அது முதல் சிரிப்பு. ஆனால் அந்தப் பேச்சிலிருந்து தேசப்பன்தான் முதலில் வெளியே வந்தார். வந்ததும் முகம் சுருங்கியது.

"அப்ப என்னிய ஏமாத்திட்டானா அருளு? நாப்பது வருசத் தோஸ்து நான். சாவுக்குப் பொறவு பொய்யாப் பூடுச்சே அண்ணி அவன் வார்த்த."

அந்தச் சொல் ஃப்ளோராவுக்குச் சுருக்கென்று தைத்தது. இரவல்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் நாளை காசிமேடு முழுக்க, அருள்பிரகாசம் செத்தும் பொய் சொன்னான் என்று ஒரு கதை சுற்றும். அவர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை, மிஷின் எண்ணெய் விஷயம் தவிர.

"அவர் சொன்னது சொன்னதுதான் அண்ணே" என்றாள். "யாருக்குன்னு நான் சொல்றேன். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

அப்போது தேசப்பனின் போன் அடித்தது. எதிர்முனையில் பூவம்மா. சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவள். அவள் பேச ஸ்பீக்கர் போட வேண்டியதில்லை.

"தேசப்பா! இன்னாடா வேல பாத்தீங்க? டீசல் பம்புக்குப் பின்னால ஒரு போல்டு லூசா கீது, எண்ணெ ஒழுவுது. தடை முடிஞ்சு பொழுது விடிஞ்சா கடலுக்குப் போவணும். ஐஸ் ஏத்தியாச்சு. எண்ணெ ஒழுவிகினே போவச் சொல்றியா?"

தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "அது பக்கப் பலகையாண்ட கீற போல்டு. அருளு ராட்செட்டுதான் போவும்."

மூன்று தலைகளும் ஃப்ளோராவின் பக்கம் திரும்பின. அவள் அலமாரியைத் திறந்து தலையணை உறையோடு அதை எடுத்தாள். மூன்று கைகள் நீண்டன. யாரிடமும் கொடுக்காமல் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நானும் வர்றேன்."

அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடை முடிகிற நாளில் காசிமேடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். படகுகளுக்கு மாலை, வாழைக்கன்று. ஐஸ் வண்டிகள், டீசல் பீப்பாய்கள், வலைமேல் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவர்கள். படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பூவம்மாவின் படகு நாலாவது. ஃப்ளோரா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று படகுகளைத் தாண்டிப் போனாள்.

இன்ஜின் அறைக்குள் வெற்றிதான் முதலில் கை விட்டான். இன்ஜினுக்கும் படகின் பக்கப் பலகைக்கும் நடுவே ஒரு சந்து. ராட்செட்டின் தலை அதில் ஜம்மென்று போனது. வெற்றியின் கை முழங்கைக்கு முன்பே நின்றுவிட்டது. இழுத்தபோது தோலில் கொஞ்சம் அங்கேயே தங்கியது. அடுத்து உபைதுல்லா. கல் பதித்த வெள்ளி மோதிரம் சந்தில் சிக்கிக்கொண்டு, மூன்று பேர் சேர்ந்து அவரை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. தேசப்பன் சந்தின் அகலத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், முயற்சியே செய்யவில்லை.

மேலேயிருந்து பூவம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்கடா இது, மூணு ஆம்பளைங்க, மூணு பேரு கையும் ஒலக்க மாரி கீது! அருளு கை முருங்கக்கா மாரி, உள்ள போயி வெளிய வந்துரும். இப்ப நான் எந்த முருங்கக்காய்க்குப் போவேன்?"

ஃப்ளோரா வளையல்களைக் கழற்றிப் பூவம்மாவிடம் நீட்டினாள். "நான் பார்க்கட்டுமா?"

மேல்தளத்தில் யாரோ ஒருவன், "போட்டு கெளம்புற நாளு, பொம்பள…" என்று ஆரம்பித்தான்.

"போட்டே பொம்பளதுடா!" என்றாள் பூவம்மா. அவன் பேச்சு அங்கேயே நின்றது.

ஃப்ளோராவின் கை தோள்வரைக்கும் போனது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவை தையல் மிஷினுக்கு அடியில் பாபினைப் பார்க்காமலே மாட்டிப் பழகிய விரல்கள். சூடு, பிசுக்கு, ஒரு குழாய், அதற்குப் பின்னால் ஆறு பட்டை உள்ள ஒரு தலை. சாக்கெட் அதன்மேல் கப்பென்று உட்கார்ந்தது.

"உக்காந்துச்சு."

"வலிங்க அண்ணி, இழுங்க!" என்றார் தேசப்பன்.

வலித்தாள். டிக் என்றது, பிடிக்கவில்லை.

"தலைமேல ஒரு நெம்புகோலு கீது. கட்டவெரலால அந்தப் பக்கம் தள்ளுங்க!"

தள்ளினாள். மறுபடி வலித்தாள். இந்தத் தடவை போல்ட் நகர்ந்தது. அது நகர்வது இரும்பின் வழியே வந்து அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அங்கே பிடி அசைய இரண்டு விரல் இடம்தான். அந்த இரண்டு விரல் இடத்துக்குள் ஒரு பல் ஏறியது. வேறு ராட்செட்டாக இருந்தால் அரைப் பல்கூட ஏறியிருக்காது. வலி, விடு, டிக். வலி, விடு, டிக். இருபத்தாறு வருஷமாக, வாசற்படியில் உட்கார்ந்து அதைத் துடைத்த கணவரிடமிருந்து அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். கைக்குள் அது வேறு மாதிரி இருந்தது. தான் செய்த வேலையை ஒவ்வொரு டிக்கும் ஒப்புக்கொள்வது மாதிரி. வீட்டில் அவர்கள் மூன்று பேரும் ஏன் அப்படிப் பேசினார்கள் என்று இப்போது புரிந்தது. கொஞ்சம் குறைத்தே பேசியிருந்தார்கள்.

"இறுகிடுச்சு. இதுக்கு மேல எனக்குப் பலமில்ல."

"இன்னும் கால் சுத்து வேணும்" என்றார் தேசப்பன். யோசித்து, பிடியின் நுனியில் ஒரு நைலான் கயிற்றைக் கொக்கியால் தள்ளி மாட்டினார். "நீங்க தலைய மட்டும் அசையாம அழுத்திக்கினு இருங்க. வெற்றி, நீ கயித்த வலி. அண்ணி சொன்னாத்தான் வலிக்கணும்."

"வலி" என்றாள். வெற்றியின் புஜம் கடைசியில் பயன்பட்டது. "விடு. வலி. விடு. வலி. போதும்!"

"போதும்னு எப்டித் தெரியும்?" என்றார் தேசப்பன்.

"நூல் அறுந்துபோறதுக்கு முன்னாடி மிஷின் சொல்லும் அண்ணே. அதே மாதிரி இது சொல்லுது."

இன்ஜினைக் கிளப்பினார்கள். கால்மணி நேரம் ஓடவிட்டு உபைதுல்லா துணியால் தடவிப் பார்த்தார். துணி காய்ந்தே வந்தது. பூவம்மா வளையல்களைத் தானே ஃப்ளோராவின் கையில் மாட்டிவிட்டு, அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோள்வரைக்கும் கிரீஸ்.

தேசப்பன் தொண்டையைச் செருமினார். "சாயங்காலமாச்சு அண்ணி. யாருக்குன்னு சொல்லிடுங்க."

ஃப்ளோரா ராட்செட்டைத் தலையணை உறையில் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எனக்கப்புறம் உனக்குன்னுதானே மூணு பேர்கிட்டயும் சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப அவர் யாரையும் ஏமாத்தல. வரிசை மட்டும் சொல்லாமப் போயிட்டாரு. அதை நான் சொல்றேன். முதல்ல நான்."

"அண்ணி, படத்துக்கு முன்னால வெக்கிற சாமான் இல்ல அது."

"படத்துக்கு முன்னால யாரு வைக்கப் போறா? இங்க வர்ற வரைக்கும் அவரோடதுன்னுதான் வச்சிருந்தேன். இப்ப எனக்கே வேணும். சந்துல போற வேலை எது வந்தாலும் கூப்பிடுங்க. ராட்செட் தனியா வராது, நானும் வருவேன். எனக்கப்புறம் தேசப்பண்ணன், அப்புறம் உபைது பாய், அப்புறம் வெற்றி."

தேசப்பன் விரல்விட்டு எண்ணினார். "எனுக்கு அறுவத்திரண்டு. உங்களுக்கு இன்னா வயசு அண்ணி?"

"அம்பத்தொண்ணு."

"அப்ப நான் எங்கேந்து வாங்கறது?"

"நீ காலைல எழுந்து வாக்கிங் போ நைனா" என்றான் வெற்றி. "நான் கடைசில நின்னுக்கினு கீறேன், எனுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"டேய், நான் நடுவுல பூட்டாலும் வரிசை உனுக்கு வராது. எம்புள்ளைக்கு வரும்."

"அது இன்னா நாயம்? வரிசைல புள்ளைங்க பேரு கீதா?" என்று உபைதுல்லா பாய்ந்தார். மூன்று பேரும் இன்ஜின்மேல் கையை ஊன்றிக்கொண்டு வாரிசுச் சட்டம் பேசத் தொடங்கினார்கள். அருள்பிரகாசம் பொய் சொன்னான் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தேசப்பனின் கவலை முழுவதும் இப்போது தன் சர்க்கரை அளவைப் பற்றியதாக இருந்தது.

பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பூவம்மா, உங்காண்ட சின்னக் கைக்காரங்க ஒர்த்தங்க வந்துக்கீறாங்களாமே? நம்ம போட்லயும் ஒரு போல்டு பேஜாரு பண்ணிகினு கீது."

ஃப்ளோரா ராட்செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "வெற்றி, சாக்கெட் பெட்டியை எடுத்துக்கிட்டு வா" என்றாள். இரண்டு படகுகளும் அலையில் ஒன்றையொன்று நெருங்குகிற நேரம் பார்த்து, அந்தப் பக்கம் கால் வைத்தாள்.