பிள்ளையள், காது குடுங்கோ

வெள்ளவத்தையில் தயாபரன் முதலாளியின் சேலைக் கடைக்கு வந்து போனவர்களுக்கு என் முகம் ஞாபகம் இல்லாவிட்டாலும் என் தொண்டை ஞாபகம் இருக்கும். மெற்றில்டா என் பெயர். கீழ்த்தளத்தில், காசு மேசைக்குப் பக்கத்தில் மைக்கோடு இருந்தவள் நான்தான். ஆள் வாசலில் ஏறியதும் என்ன விசேஷம், யாருக்கு, என்ன நிறம் என்று கதை பிடுங்கிவிடுவேன். பிறகு மைக்கைப் பிடித்து, "பிள்ளையள், காது குடுங்கோஓஓ!" என்று ஓர் இழுவை. எந்த மாடி, என்ன சேலை, எல்லாம் சொல்லி முடிப்பேன். வந்தவர்கள் படியேறி மூச்சு வாங்குவதற்கு முதலே மேலே சேலை விரிந்திருக்கும். மெற்றில்டா இருக்கும்வரை கடைக்கு லிப்ட் தேவையில்லை என்று முதலாளி பெருமையாகச் சொல்லுவார். லிப்ட் போடாமல் இருக்க அது ஒரு சாட்டு என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. வெட்டி எடுக்கலாம், உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் மிஞ்சாது என்று டொக்டர் முதலே சொன்னார். வெட்டச் சொன்னேன். உயிர் இருக்கிறது, ஆண்டவருக்கும் அந்த டொக்டருக்கும் தினமும் நன்றி சொல்லுகிறேன். குரல் மட்டும் காற்றாகிவிட்டது. கிட்ட வந்து குனிந்தால் நான் சொல்வது கேட்கும். மைக்கைப் பிடித்தால் சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற சத்தம்தான் வரும்.

முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் கடையின் ஸ்டோர் இருக்கிறது, சேலைப் பெட்டிகளுக்குக் காவலாக அங்கே போய் இருக்கலாமே என்றார். என் வீடும் கொட்டாஞ்சேனையில்தான். கேட்டவர்கள் எல்லாரும், "நல்லதுதானே மெற்றில்டா, ரெண்டு பஸ் மிச்சம்" என்றார்கள். யாராவது அந்த ஸ்டோரைப் பார்த்திருக்கிறார்களா? ஒரு யன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. நான் கல்யாணம் கட்டாதவள், வீட்டில் தனி ஆள். ஏன் கட்டவில்லை என்று விளக்க எனக்குப் பொறுமையில்லை. பகல் முழுக்கச் சனத்தோடு மாரடித்தால்தான் வீட்டுத் தனிமை எனக்குத் தாங்கும். பகலிலும் பெட்டிகளோடு இருக்கச் சொன்னால் நான் எங்கே போவது?

அப்போதுதான் ஷிப்லி வந்தான். களுபோவிலப் பொடியன், காலி வீதிக் கடைகளின் பில் கொம்பியூட்டர்களைப் பார்க்கிறவன். என் மேசைக்குக் குனிந்து காதைக் கொடுத்து முழுக்கதையையும் கேட்டான். அந்தக் கடையில் அப்படிக் குனிந்து கேட்ட முதல் ஆள் அவன்தான்.

"போன்ல ஒரு குரூப் போட்டா முடிஞ்சிச்சே அக்கா?"

முடியாது. எங்கள் கடையில் காலையில் எல்லாப் போன்களும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போய்விடும். பிள்ளைகள் போனை நோண்டுகிறார்கள் என்று சண்டை பிடித்து அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் நான். ரின்னுக்குக் காவலும் நான்.

ஷிப்லி சிரித்தான். "சரி, விடுங்க. மேல கீழ பில் அடிக்கிற கொம்பியூட்டர் எல்லாம் ஒரே வயர்லதான் ஈக்கி. உங்கட மெஷின்ல ஒரு சாட் சேர்வர் போட்டுத் தாரன். நீங்க அடிச்சா எல்லா மாடிலயும் விழும். இன்டர்நெட்டும் தேவல்ல. டீமன் என்டு சொல்லுவாங்க, பின்னுக்கு இருந்துட்டு சத்தமில்லாம வேல செய்யும்."

டீமன் என்றால் பேயல்லவா, என் கை தானாகச் சிலுவை போட்டது. "ஐயோ, அந்த டீமன் இல்லக்கா" என்றான்.

பௌர்ணமி விடுமுறைக்குக் கடை பூட்டியிருந்த போயா நாளில் வந்து போட்டுத் தந்தான். கீழே மட்டும் கரண்ட் போட்டிருந்தோம். என் திரையில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றுக்கு 'கீழ்' என்றும் மற்றதற்கு 'ரெண்டாம் மாடி' என்றும் பெயர் வைத்தான். நான் கீழே இருந்து கூப்பிட்டேன், ரெண்டாம் மாடியாக நானே பதில் சொன்னேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குரல் போன பிறகு இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அவன் போன பிறகும் இருந்து இரண்டு பக்கமும் நானே கதைத்தேன். ஒரு தடவை ரெண்டாம் மாடியோடு சண்டையும் பிடித்தேன்.

அடுத்த நாள் காலை, ஷிப்லி எழுதித் தந்த நம்பரை மேல் மாடிக் கொம்பியூட்டர்களில் அடித்துத் திறக்கச் சொல்லிவிட்டு, முதலாளியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து அடித்தேன்: "பிள்ளையள், காது குடுங்கோ. ஒவ்வொரு மாடியாலயும் ஒராள் இறங்கி வாங்கோ."

ஒருவரும் வரவில்லை. திரும்ப அடித்தேன். முதலாளி கூரையைப் பார்த்தார். கடைசியில் மேலே படிமுகப்பில் சீனியம்மாவின் தலை தெரிந்தது. "அக்கா, இங்க ஏதோ செவப்பா இங்கிலீசுல வருதுங்க. கனெக்ட் ஆகலயாம்."

சீனியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, ரெண்டாம் மாடிக்குப் பொறுப்பு. வேலையில் கெட்டி. ஆனால் என்னைப்போலப் பேசிக் காட்டுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் படியில் நின்று நானே கேட்டேன். அதே மூக்குச் சத்தம், அதே இழுவை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உச்சி கொதித்தது. அதற்குப் பிறகு அவளோடு தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. இப்போது அவள் வாயால் என் மானம் போகிறது என்று நினைத்தேன்.

"ஏலாததுக்கு ஏன் மெற்றில்டா மினக்கெடுறீங்கள்?" என்றார் முதலாளி, கோபமில்லாமல். ஸ்டோர்ச் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார். "திங்கட்கிழமை போங்கோ. உங்களுக்கும் ஓய்வு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் முறைத்திருப்பேன். அன்பாகச் சொல்லுகிறவரோடு என்ன செய்வது?

பொரளையில் ஒரு கடையில் நின்ற ஷிப்லி, விஷயம் தெரிந்து மத்தியானம் ஓடி வந்தான். சேர்வரின் அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து, ஒரு வரியைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அல்லாஹ்வே! என்ட பிழதான் அக்கா. இந்த நம்பரப் பாருங்க, நூத்தி இருபத்தேழில தொடங்குது. இது எந்த மெஷின்ல எழுதினாலும் அந்த மெஷினத்தான் குறிக்கும். சேர்வர் ஓடிட்டுதான் ஈக்கி, ஆனா தன்னோட மட்டும்தான் கதைக்குது. வெளிய இருந்து ஆரு தட்டினாலும் அதுக்குக் கேக்காது. நேத்து ரெண்டு ஜன்னலும் இதுக்குள்ளயே இருந்ததால விளங்கல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து நானும் அந்தச் சேர்வரைப் போலத்தானே இருந்தேன். உள்ளுக்குள் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தட்டுகிறவர்களுக்குத் திறக்கவில்லை.

அவன் அந்த நம்பரை அழித்து, கடையின் வயரில் என் கொம்பியூட்டருக்கு இருக்கிற நம்பரை எழுதினான். வெளியாட்களைத் தடுக்கிற காவலில் சாட் சேர்வருக்கு மட்டும் ஒரு வாசல் திறந்தான். சேர்வரை நிற்பாட்டித் திரும்ப ஓடவிட்டான். பிறகு, கண்டவனும் நுழையாமல் இருக்க ஒரு பாஸ்வேர்ட் வேண்டும் என்றான். "காதுகுடுங்கோ" என்று நானே அடித்தேன்.

இந்த முறை மேலேயிருந்து பதில் வந்தது. 'ரெண்டாம் மாடி: வந்துருச்சிங்க அக்கா.' நான் ஷிப்லியின் தலையில் கையை வைத்து, "உன்னைப் பெத்த உம்மாவுக்கு நான் நன்றி சொன்னனான் எண்டு சொல்லு" என்று காற்றாகச் சொன்னேன். அவன் குனிந்து கேட்டுவிட்டு, காது சிவக்க, "சொல்றன் அக்கா" என்றான்.

ஆனால் சாவி இன்னும் மேசையில்தான் கிடந்தது. பின்னேரம் சனம் வரத் தொடங்கியதும் ஏன் என்று விளங்கியது. நான் அடித்தேன், செய்தி போனது, மேலே ஒருவரும் பார்க்கவில்லை. படியேறிப் போனவர்கள் மேலே போய்க் காத்து நின்றார்கள். ஓர் அம்மா கோபித்துக்கொண்டு இறங்கியே போய்விட்டா.

முதலாளி கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார். "மெசேஜ் போகுது, ஓம். ஆனா ரெண்டு கையிலயும் சேலையோட நிக்கிற பிள்ளை, முதுகுக்குப் பின்னால இருக்கிற திரையை எப்பிடிப் பாக்கிறது? சொல்லுங்கோ."

நான் ஷிப்லியைப் பார்த்தேன். மணியடிக்க வைக்கலாம் என்றால் அந்தப் பழைய கொம்பியூட்டர்களுக்கு ஸ்பீக்கர் கிடையாது. நான் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன்.

அந்த நேரம் ஒரு தாயும் மகளும் நுழைந்தார்கள், கல்யாணச் சேலைக்கு. பழக்கதோஷம், குனிய வைத்துக் கதை பிடுங்கிவிட்டேன். கடைசித் தடவையாக இருக்கட்டும் என்று ஒன்றும் விடாமல் அடித்தேன்: "பிள்ளையள், காது குடுங்கோ. ரெண்டாம் மாடி, கூறைச்சேலை. கண்ணைக் குத்துற சிவப்பு வேண்டாமாம், மாதுளை முத்துச் சிவப்பு எடுங்கோ. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கதிரை போடுங்கோ. மாப்பிள்ளைப் பகுதி பின்னால வருகுது, விலையைச் சத்தமாச் சொல்லாதேங்கோ."

அடித்துவிட்டு, கைப்பையைத் தோளில் கொழுவினேன்.

"பிள்ளையள், காது குடுங்கோஓஓ!"

கடை அப்படியே நின்றது. முதலாளி திரும்பி என் வாயைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது.

"ரெண்டாம் மாடீ! கூறைச்சேலை! கண்ணைக் குத்துற சிவப்பு வேண்டாமாம்!" படிகளில் இறங்கி வந்தது என் குரல். மூக்குச் சத்தம் குறையவில்லை, இழுவை குறையவில்லை, நான் மூச்சு வாங்குகிற இடத்தில் அதுவும் மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடியில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "மாப்பிள்ளைப் பகுதி பின்னால வருகுதூ! விலையைச் சத்தமாச் சொல்லாதேங்கோஓ!"

அதையுமா கத்துவது! முதலாளி தலையில் கையை வைத்தார். அந்தத் தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தா. "சரி, அப்ப மெதுவாவே விலை பேசுவம்" என்று மகளின் கையைப் பிடித்து ஏறினா. மேலே சேலை விரிந்திருந்தது.

அவர்களுக்குப் பின்னால் நானும் ஏறிப் பார்த்தேன். சீனியம்மா பில் மேசையைத் தன்னந்தனியாக இழுத்துத் திருப்பி, திரை மாடி முழுவதையும் பார்க்கும்படி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் செத்துப்போனது.

"கோவிச்சிக்கிறாதீங்க அக்கா. எம் பாட்டுக்கு வாசிச்சேன், யாருமே திரும்பல. ஒங்க மாதிரி வாசிச்சோன்ன எல்லாரும் திரும்பிட்டாங்க."

திரும்பாமல் என்ன செய்வார்கள்? இத்தனை வருஷம் பழக்கின காதுகள். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கன்னத்தைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

முதலாளி என் மேசையடியில் நின்றார். கையை நீட்டினார். நான் கைப்பையைத் திறந்து சாவியைக் கொடுத்தேன்.

சனம் குறைந்த பிறகு என் கதிரையில் இருந்து யோசித்தேன். குரல் கட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டதென்று நான் அழுதுகொண்டிருந்தேன். நான் யாரை முறைத்துக்கொண்டு திரிந்தேனோ, அவள் அதை ஒரு சுருதி குறையாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். நக்கலடிக்கத்தான் வைத்திருந்தாள், அதற்கென்ன? இதை அவளிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. அடித்தேன்.

"சீனியம்மா. நான் இந்தக் கதிரையில இருக்கிறது உன்னாலதான். என்ட குரலை நீ வைச்சிருந்ததுக்கு நன்றி பிள்ளை."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

"சீனியம்மாஆ!" என்று மேலே என் குரல் பாய்ந்து எழும்பியது. "நான் இந்தக் கதிரையில இருக்கிறது உன்னாலதாஆன்! என்ட குரலை நீ..."

நின்றுவிட்டது. கடையில் நின்ற எல்லாரும் படியைப் பார்த்தோம். பிறகு மிச்சத்தை அவள் வாசித்தாள், தன் சொந்தக் குரலில், மூக்குச் சத்தமும் இல்லாமல் இழுவையும் இல்லாமல், கேட்டும் கேட்காததுமாக.

"...வைச்சிருந்ததுக்கு நன்றி, பிள்ளை."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை அடித்தேன். "குடுங்கோவை இன்னும் கொஞ்சம் இழுக்க வேணும்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. அதன் பிறகு இழுத்தாள். நான்கூட அவ்வளவு இழுத்ததில்லை.