வெள்ளீயமாக இருந்துவிட்டால்

வெப்பநிலை மூன்றரை கெல்வினுக்குச் சற்று மேலே, கடுங்குளிருக்கு, இறங்கியதும் திரையில் மின்தடைக் கோடு செங்குத்தாக விழுந்து, பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. திரைக்கு முன்னால் இருந்த மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"வெள்ளீயமா இருக்கும்," என்றான்.

அவன் படிகம் வளர்ப்பவன். சீரியம் என்ற உலோகம் கலந்த கலவையை உருகிய வெள்ளீயத்தில் கரைத்து, உலையை மூன்று வாரம் மெல்ல ஆறவைத்து, ஒட்டியிருக்கும் வெள்ளீயத்தை அமிலத்தில் கழுவி எடுப்பான். மின்தடையே இல்லாத புதுப் படிகம் ஒன்றுக்காக ஏழு வருடமாக இதே பாடு. அளப்பவள் அவள். அவன் கொடுத்த ஒன்றுகூட இதுவரை மின்தடையைத் தொலைத்ததில்லை. போன மாதம், விரிசல் விட்டவற்றை அவன் ஒதுக்கிப் போட்ட டப்பாவில் கைவிட்டு, கடுகளவு துணுக்கு ஒன்றை எடுத்தாள். "குப்பைதானே, நான் வச்சுக்கறேன்," என்றாள்.

அந்தக் குப்பைதான் இது. கட்டுரையில் அவள் பெயர் முதலில் வரும். அம்மா போன் பண்ணி, "மருமக என்னமோ கண்டுபிடிச்சாளாமே, நீ எங்கடா இருந்தே?" என்பாள்.

விரிசலுக்குள் வெள்ளீயம் தங்கியிருந்தால் அதுவும் இதே குளிரில் மின்தடையை இழக்கும். ஆனால் அது கோழை. கொஞ்சம் காந்தப்புலம் காட்டினாலே கோடு எழும்பிவிடும்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "புலத்தை நீங்களே போடுங்க. நான் போட்டா சரியா போடலைம்பீங்க."

"என்னைக்குச் சொன்னேன்?"

"காலைல. கார் நிறுத்தினப்போ."

உட்கார்ந்தான். நாற்காலியில் அவளுடைய சூடு இன்னும் இருந்தது. எழும்பு, எழும்பு என்று கோட்டிடம் கெஞ்சினான். தன் படிகம் ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவன் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

புலம் வெள்ளீயம் தாங்கும் அளவைத் தாண்டியது. கோடு அசையவில்லை. பத்து மடங்கு ஆனது. அசையவில்லை.

"போதுங்க. வெள்ளீயம் இல்ல."

"இரு, பாக்கலாம்."

பின்னால் பேனா ஓடியது. பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "ஏங்க, படிகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு கட்டம் இருக்கே. என்ன எழுதட்டும்?"

மேசைமேல் டப்பா திறந்து கிடந்தது. மூடியில் அவன் கையெழுத்து: 'வேண்டாதவை'. உள்ளே விரிசல் விட்ட துணுக்குகள் இன்னும் பதினொன்று, விளக்கொளியில் மினுங்கின. அவன் புலத்தை ஏற்றிக்கொண்டே இருந்தான். கோடு தரையோடு தரையாக நீண்டுகொண்டே போனது.