றமீஸாவின் காகித உடம்பு

கண்டி நகரத்தில் தையற்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் திகனைக் கிராமத்து றமீஸாவைக் கண்ணால் கண்டதில்லை, முஸ்லிம் வீட்டுக் குமரை அந்நிய ஆண் காண்பது முறையுமில்லை. புதுச் சட்டை வேண்டுமென்றால் வீட்டிலிருந்து பழைய சட்டை ஒன்று அளவுக்குப் போகும். அந்தப் பழையதோ, அதற்கு முந்திய பழையதைப் பார்த்துத் தைத்தது. முதற்சட்டை என்ன பிழையோடு பிறந்ததோ, அந்தப் பிழையைப் பரம்பரைச் சொத்தாக எல்லாச் சட்டைகளும் வாங்கிக்கொண்டு வந்தன.

அது போதாதென்று றமீஸாவுக்கு வலது தோள் சற்று இறக்கம். ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, கழுத்தெலும்பு முறிந்து, கோணலாகப் பொருந்திவிட்டது. எந்தச் சட்டையும் அந்தத் தோளில் ஒழுங்காக நின்றதில்லை. கழுத்துப் பக்கம் ஏறும், கைப்பக்கம் வழியும், முதுகில் குறுக்காக ஒரு சுருக்கம் விழும். ஊரார் சட்டையைக் குறை சொல்வார்களா? பிள்ளையைத்தான் சொன்னார்கள். "கோணத்தோள்" என்ற பெயர் பத்தொன்பது வயதுவரை அவளோடு கூடவே வளர்ந்தது.

அவளுக்குக் கலியாணம் முடிவானதும், கண்டியில் புடவைக்கடை மக்கீனைக் கட்டியிருந்த மூத்தவள் ஸக்கியாவிடம் றமீஸா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ராத்தா, மாப்புள ஊட்டுப் பொம்புளயள் வந்துதானே எனக்குச் சாரி உடுத்துவாங்க? அவங்கட கண்ணு நேரா என்ட தோளுக்குத்தான் போகும். ஜாக்கட்டுக்குப் பெரிய கொலர் ஒண்டு வெச்சித் தாங்க. மூடினாப் போதும்."

"கொலரும் வெக்கிறேன், ஒரு சுருக்கமும் விழாமத் தச்சும் தாறேன்" என்றாள் ஸக்கியா. "இது ராத்தாட வாக்கு."

வாக்குக் கொடுப்பதில் ஸக்கியா எப்போதும் தாராளம். கலியாணமான புதிதில் மக்கீன் வாங்கிக் கொடுத்த தையல் மெசினில் அவள் இந்த ஒன்பது வருடமாகக் கைபழகியவள்தான். ஆனால் அவள் இருப்பது கண்டியில், உடம்பு இருப்பது திகனையில். கலியாணம் பேசிய பெண் வாசற்படி தாண்டக்கூடாது. தையலுக்குத் தையல் போட்டுப் பார்க்க பஸ்ஸில் போய்வர முடியுமா?

வழியைச் சொன்னவர் பக்கத்துப் பங்களாவில் இருந்த பறங்கிச் சீமாட்டி; எல்லாரும் அவரை நோனா என்பார்கள். அவருடைய அறையில் தலையும் கையுமில்லாத ஓர் உருவம் கோல் ஒன்றில் நின்றது. அவருடைய உடம்பேதான், காகிதத்தில். இறுக்கமான பனியன் ஒன்றை உடுத்திவிட்டு, அதன்மேல் காகிதப் பட்டிகளைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றி ஒட்டவேண்டும். காய்ந்ததும் முதுகுவழியே வெட்டிக் கழற்றி, வெட்டியதை மறுபடி ஒட்டினால் ஆள் இல்லாமலே ஆளின் அளவு கையில் இருக்கும். ஸக்கியாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆசை வந்துவிட்டால் அவளுக்கு அப்படித்தான்.

அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு நோன்பு தை மாதக் குளிரில் வந்திருந்தது. நோன்பின் கடைசிப் பத்து நாளைத் தாய்வீட்டில் கழிக்கப் போன ஸக்கியா, கடைக்குப் புடவை சுற்றிவந்த மண்ணிறக் காகிதத்தை ஒரு கட்டுக் கொண்டுபோனாள். இருபத்தைந்தாம் நோன்பன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, கோதுமை மாவில் பசை காய்ச்சி, தங்கையை அறை நடுவே நிறுத்தினாள். காகிதம் மூன்று சுற்று ஏறியது. ஈரம் காய, கரி அடுப்பொன்றைப் பக்கத்தில் வைத்தாள்.

"ராத்தா, தல சுத்துது."

"அசையாத புள்ள. நோம்பு தொறக்க முந்திக் கழட்டிருவேன்."

கழற்றியும்விட்டாள். பாங்கு சொல்லும்போது றமீஸா கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். காகித உடம்போ மூலையில் இருந்த கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வாப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள், ஊட்டுக்குள்ள சிலயா செய்றீங்க? மார்க்கத்தில ஆகாதே."

"தல இல்லயே வாப்பா."

"அப்ப சரி" என்று வாப்பா கஞ்சிக்குத் திரும்பினார். தங்கையோ முதுகைக் காட்டி உட்கார்ந்து, அதை ஒரு தரமும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தன் தோளைத் தனியே எடுத்து வைத்துப் பார்க்க அவளுக்கு என்ன தலையெழுத்து?

காகித உடம்பைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸக்கியா கண்டிக்குப் பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மாள் போர்வையைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருக்கும்மா ஒடம்பு முடியல? பெரியாஸ்பத்திரிக்கா போறீங்க?"

"ஒருத்தருக்குமில்ல. இது சட்ட தைக்க."

அந்த அம்மாள் நம்பவில்லை. இறங்கும்வரை போர்வைக்குள் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடையில் பாலாடை நிறச் சாட்டின் கடைசித் துண்டாக இருந்தது. ஸக்கியா அதை எடுத்து வெட்டினாள். காகித உடம்பின்மேல் போட்டுக் குண்டூசி குத்தினாள், கழற்றினாள், தைத்தாள், மறுபடி போட்டாள். வலது தோளை இறக்கி வெட்டியதும் முதுகுச் சுருக்கம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பெருமை தாங்கவில்லை. ஆளே கையில் இருக்கும்போது உள்தையலுக்கு எதற்குத் துணி விடுவது என்று எல்லாவற்றையும் ஒட்ட வெட்டினாள். அதே துணியில் அகலமான கொலரைத் தனியாகத் தைத்து, போட்டுப் பார்த்தபின் பொருத்தலாமென்று மடித்து வைத்தாள்.

பெருநாள் போய்ப் பதினாறாம் நாள் கலியாணம். முந்தின நாள் காலை, ஜாக்கட்டும் கொலரும் காகித உடம்புமாகத் திகனையில் போய் இறங்கினாள்.

றமீஸா கையை நுழைத்தாள். தோள் அச்சாகப் பொருந்தியது. முன்பக்கம் கொக்கி மாட்டப் போனால் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி, இழுத்தாலும் எட்டவில்லை. ஸக்கியா முதலில் பசையைத் திட்டினாள், பிறகு காகிதத்தை, பிறகு பறங்கி நோனாவை. கடைசியில் உம்மாதான் வாயைத் திறந்தார்.

"நீ இவள அளந்தது எப்ப? இருவத்தஞ்சாம் நோம்பு, அஸருக்குப் பொறகு. அந்த நேரம் ஆருக்கு வயிறு ஈந்த?"

உம்மா விடவில்லை.

"பெருநாள்லேந்து நா இவளுக்கு நெய்ச்சோறும் முட்டையும் வட்டிலப்பமும் குடுத்துட்டு ஈக்கிறேன். மெலிஞ்ச பொண்ணு எண்டு மாப்புள ஊட்டார் செல்லக்கூடாதே."

ஊர் முழுதும் நோன்பிருந்த மாதத்தில் தன் வயிறும் ஒட்டிக் கிடந்ததால், தங்கையின் ஒட்டிய வயிறு ஸக்கியாவின் கண்ணில் படவேயில்லை. இப்போது பட்டது. சாட்டின் முடிந்துவிட்டது; உள்ளே பிரித்துவிடவும் துணியில்லை. கொடுத்த வாக்கை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். நாளைக்கு ஊரெல்லாம் தங்கையைப் பார்க்கும், தான் தைத்த கோணலைப் பார்க்கும் என்றுதான் அழுதாள்.

"தோளாவது சரியா வந்திச்சு, பாருங்க உம்மா" என்று விம்மிக்கொண்டே ஜாக்கட்டை வாங்கிக் காகித உடம்புக்குப் போட்டு, மேசையில் நிறுத்தினாள்.

றமீஸா அப்போதுதான் அதைப் பார்த்தாள். அந்த வீட்டில் இருந்தது முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றுதான். தன் முதுகை அவள் மற்றவர்களின் வாயால் மட்டுமே அறிந்திருந்தாள். மேசையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். ஜாக்கட்டைத் தூக்கி, காகிதத் தோள்களில் ஒவ்வொரு கையாக வைத்தாள்.

"இதா ராத்தா என்ட முதுகு?"

"ஓ, இதுதான்."

"இவ்வளவுதானா எறக்கம்?" விரலை வைத்து அளந்தாள்; ஒன்றரை விரல்கூட வரவில்லை. "நா என்னமோ கூன் உழுந்தவள் மாதிரி ஈப்பேன் எண்டு நெனச்சிட்டு ஈந்தேன். இதுக்கா இத்தன வருசம் ஆக்கள் செல்லிச் செல்லி..."

அவள் முடிக்கவில்லை. பிறகு மேசையில் மடித்துக் கிடந்த கொலரை எடுத்து ஸக்கியாவின் கையில் வைத்தாள்.

"இத வெட்டிப் பக்கத்துக்குப் போடுங்க."

"கொலர் இல்லாட்டித் தோள் தெரியும் புள்ள."

"தெரிஞ்சாத் தெரியட்டும். எனக்கு மூச்சு விட ஏலணும், நாளைக்குச் சாப்புடவும் ஏலணும்."

ஸக்கியா கொலரைப் பிரித்து இரண்டு பட்டியாக வெட்டினாள். இரு விலாப் பக்கமும் பட்டிகளைச் சேர்த்து, நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே கையால் தைத்து முடித்துவிட்டாள். கொக்கிகள் ஒவ்வொன்றாக வந்து மாட்டின.

மறுநாள் மாப்பிள்ளையின் மூத்த சகோதரி ஹபீலா சாரித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் ஊரான கடுகண்ணாவையில் கறாரானவள் என்று பெயரெடுத்தவள். பெண்ணைத் திருப்பி நிறுத்தி, முதுகில் கையை ஓடவிட்டாள்.

"ஒரு சுருக்கமில்லயே! எந்த டெய்லர் தச்ச?"

"டெய்லர் இல்ல மதினி, என்ட ராத்தா" என்றாள் றமீஸா. ஸக்கியா சைகை காட்டுவதற்குள் மேலும் சொல்லிவிட்டாள்: "எனக்குத் தோள் ஒரு பக்கம் எறக்கம், சின்னதில மரத்தால உழுந்த. அதுக்குத் தக்கனத் தச்சீக்கிறாங்க."

ஹபீலா இரண்டடி பின்னால் போனாள். தலையைச் சாய்த்து இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

றமீஸாவுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. உம்மா வாயைப் பொத்தச் சொல்லியும் நிற்கவில்லை. மணப்பெண் என்பதையும் மறந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். ஸக்கியா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொக்கி ஒன்றும் கழன்று விழவில்லை.