ஒரே கோடு

அந்த வீட்டில் ஒருவருக்கும் தன் எடை என்னவென்று தெரியாது. எடை மெஷின் எப்போதும் சுவரோடு சாய்ந்தே கிடக்கும். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலால் அதை மிதித்துக்கொண்டிருப்பான் தம்பி. பக்கத்தில் குத்துக்காலிட்டு முள்ளைப் பார்ப்பாள் அக்கா.

"எட்டு கிலோ. சரி, இப்ப பன்னண்டுக்கு வா. குதிக்காதடா, மெதுவா ஏறு."

அப்பா நடுவில் வந்து, "நானும் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமா? பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது," என்பார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தம்பி ரேஸ் கார் ஓட்டுகிறவன். அதே டீமில், கார் ஓடியதைக் கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் படித்துச் சொல்கிற என்ஜினியர் அக்கா. பையன் பிரேக் பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. வளைவு முடிந்து வெளியே வரும்போதுதான் வினை. கரப்பான்பூச்சியைக் கண்டவன் மாதிரி ஆக்சிலரேட்டரில் ஒரே மிதி. பின்சக்கரம் வழுக்கும், கார் வாலை ஆட்டும், முன்னால் போனவன் போயே போய்விடுவான். டீமில் அவனுக்குத் தடாலடி என்றே பெயர். அந்தக் காலைப் பழக்கத்தான் தினமும் காலையில் எடை மெஷின்.

இந்த சீசனுக்கு டீமில் இருந்தது ஒரே ஒரு சீட். அதற்கு இரண்டு பேர். ஈர டிராக்கில் இருவரையும் ஓட்டவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார் முதலாளி. அன்று காலை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

ஸ்டியரிங்கில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. ஒன்றில் வைத்தால், கால் செய்வதெல்லாம் அப்படியே என்ஜினுக்குப் போகும். மூன்றில் வைத்தால், பாதி மிதித்தாலும் என்ஜின் கால்வாசிதான் கேட்கும். எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது விதி. அவள் மூன்றில் வைத்தாள்.

"இன்னிக்கு இதுலயே ஓட்டு. வம்பே வேணாம்."

"என் கால் மேல நம்பிக்கை இல்லியாக்கா?"

"கால் மேல இருக்கு. மழை மேலதான் இல்ல."

அவன் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான்.

மற்றவன் முதலில் ஓட்டி முடித்திருந்தான். தம்பி அவனைவிட அரை நொடி குறைவாகவே சுற்றி வந்தான். கார் ஷெட்டுக்குத் திரும்பியதும் முதலாளி அக்காவிடம் வந்தார்.

"நல்ல டைம்தான். ஆனா ஓட்டினது அவன் காலா, உன் செட்டிங்கா? மூணுலதானே வெச்ச?"

அவளுக்குப் பொய் வராது. "ஆமா சார். மூணுலதான் வெச்சேன்."

"அப்ப நான் யோசிக்கணும்மா."

அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நல்லது செய்வதாக நினைத்து, தம்பியின் சீட்டில் தானே மண்ணைப் போட்டுவிட்டாள். மெக்கானிக் காரில் ஒயரைச் சொருக, திரையில் படம் விரிந்தது. கால் மிதித்தது பச்சைக் கோடு, என்ஜின் வாங்கியது சிவப்புக் கோடு. மூன்றில் ஓட்டினால் சிவப்பு, பச்சைக்குக் கீழே தொங்கும். இங்கே இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, ஒரே கோடாகத் தெரிந்தது.

"சென்சார் போச்சு," என்றாள்.

மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குமிழைப் பாருங்க."

குமிழ் ஒன்றில் இருந்தது.

அவள் மறுபடி கோட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு வளைவின் முடிவிலும் அது எட்டு, பன்னிரண்டு என்று அவள் சொல்லச் சொல்ல ஏறிய அதே ஏற்றம். ஒரு குதி இல்லை, ஒரு உதறல் இல்லை. அதுவும் அந்த மழையில். அவள் நெஞ்சு நிறைந்துபோனது.

தம்பி ஒரு டயர் மேல் உட்கார்ந்து, இந்தப் பக்கமே பார்க்காதவன் போல ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எப்படா மாத்தின?"

"ஷெட்டை விட்டு வெளிய போனதுமே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா? தினம் காலைல பழகினதை நான் வேற எங்கக்கா போய்க் காட்றது?"

விட்டிருக்க மாட்டாள்தான். அவள் திரையை முதலாளி பக்கம் திருப்பினாள்.

"சார், இதுல என் செட்டிங் எதுவுமே இல்ல. மொத்தமும் அவன் கால்."

முதலாளி குனிந்து கடைசி வளைவுவரை பார்த்தார். பிறகு, "அவன் உடம்புக்கு சீட் அளவெடுக்கணும், நாளைக்கு வரச் சொல்லு," என்றார்.

மொத்தமும் அவன் கால் என்பதை அவள் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து ஷெட்காரர்கள் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சொன்னாள்.