தெற்கு மதில்

ஸ்டேடியத்தின் தெற்கு மதிலை இடிக்க ஜேசிபி வந்து நின்ற அன்று அனீஸா ஒரு குடம் நன்னாரி சர்பத் கரைத்தாள். எலுமிச்சம்பழம் பன்னிரண்டைப் பிழிந்து, சப்ஜா விதை போட்டு, வாசலில் ஸ்டூல் வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். ஜேசிபி டிரைவர் மட்டும் இரண்டு டம்ளர் குடித்தார்.

"என்னக்கா, வீட்டுல விசேஷமா?"

"தெருவுக்கே விசேஷம்ப்பா. நீ இடி."

பத்தொன்பது வருஷமாக அந்த மதிலைப் பார்த்தபடிதான் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். முன்னறை ஜன்னலுக்கு நேரே எட்டடி உயரத்துக்கு நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் மைதானம், கேலரி, விளக்குக் கம்பங்கள், ஆட்ட நாட்களில் கைதட்டல். இந்தப் பக்கம் குப்பை, உடைந்த பாட்டில், ஆண்கள் ஒதுங்கிய ஈரம். ஐப்பசி அடைமழையில் சாக்கடை பொங்கி, தையல் மிஷினின் மிதிகட்டை வரை வந்துவிடும். விளையாட்டுப் பிள்ளைகளின் ஜெர்ஸிக்கு நம்பர் தைப்பதும் டிராக் பேண்ட் கால் மடிப்பதும்தான் அவள் வேலை. அந்த நாட்களில் துணியையெல்லாம் தூக்கிக் கட்டில் மேல் போட்டுவிட்டுத் தானும் கட்டில் மேலேயே உட்கார்ந்திருப்பாள்.

அதனால்தான் மனு எழுதினாள். அறுபத்துநாலு வீட்டில் கையெழுத்து வாங்கினாள். மூன்று வருஷம் அலுவலகப் படி ஏறி இறங்கினாள். கடைசியில் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள நாலு தெருக்களையும் புதுப்பிக்கும் திட்டத்தில் இந்தத் தெருவும் சேர்ந்தது. மதில் போய்விடும். வேலி உள்ளே கேலரியைச் சுற்றி மட்டும் இருக்கும். வெளிவளாகம் தெருவோடு ஒன்றாகிவிடும். அகலமான நடைபாதை, மூடிய வடிகால், விளக்கு, பூவரச மரங்கள். திட்ட அலுவலகத்துப் பெண் எழில்மொழி படத்தை விரித்துக் காட்டியபோது அனீஸாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, கணவர் ஜெக்கரியாவிடம் அந்தப் படத்தை வார்த்தையாலேயே வரைந்து காட்டினாள். அவருக்குக் கண் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. சவூதியில், தம்மாமில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரையும் கண் நரம்பும் சேர்ந்து, ஒரு வருஷத்துக்குள் எல்லாம் மங்கி அணைந்துவிட்டன. கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும் புள்ள. தெருவுக்கே நல்லது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இடிப்பு கிழக்கு கேட் பக்கத்திலிருந்து தொடங்கியது. ஜெக்கரியா தினமும் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஸ்டேடியத்துக்கு நடக்கப் போகிறவர். உள்ளே நடைபாதைக் கம்பியைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றுவார். நடக்க வருகிறவர்களோடு அரைமணி நேரம் பேசுவார். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார். இடிப்பு தொடங்கிய இரண்டு நாளும் அவர் கிளம்பவில்லை. கால் வலிக்கிறது என்றார். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார். அன்று காலையில் அனீஸா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டார்கள்.

மதில் வேலை மேஸ்திரி காத்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆள். ஜெக்கரியாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். ஜெக்கரியாவின் கைலியில் முழங்கால் வரை சேறு. முழங்கால் முட்டியில் ரத்தம்.

"வடிகாலுக்குத் தோண்டுன பள்ளத்துல விழுந்துட்டாங்கக்கா. நல்ல வேளை, ஆழம் இல்ல. வழியெல்லாம் கையை விடுங்க, கையை விடுங்கன்னாங்க. பூரா பள்ளமா கெடக்கு, நான் எப்படி விடுறது?"

அனீஸா வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவினாள். மருந்து எரிந்தபோதுகூட ஜெக்கரியாவின் முகம் மாறவில்லை.

"எப்படி விழுந்தீங்க மச்சான்? தினம் போற வழிதானே?"

"சுவரு முடிஞ்சு போச்சு" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கண் போன புதிதில், அவர் தனியாகக் கிளம்பிய முதல் வாரம், பயந்து போய்ப் பின்னாலேயே சத்தமில்லாமல் போயிருக்கிறாள். வாசலிலிருந்து பன்னிரண்டு அடி வைத்துத் தெருவைக் கடந்து, இடது உள்ளங்கையை மதிலில் பதித்து, சிமெண்ட் உரசும் சத்தத்தோடு கேட் வரை போனார். திரும்பும்போது வலது கை. அவர் கை படும் உயரத்தில் மட்டும் மதில் மழமழவென்று ஆகியிருந்ததை ஜன்னலிலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். பார்த்தும், மனு எழுதிய மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அது நினைவில் வரவில்லை.

"எனக்குத்தான் புத்தி இல்ல. நீங்களாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

ஜெக்கரியா முழங்காலை மெல்ல மடக்கி நீட்டினார். "மனுவைப் படிச்சுக் காட்டுனியே, அப்ப உன் குரலை நீ கேக்கல. நான் கேட்டேன். நிக்காஹ் ஆன வருஷம் அப்படிப் பேசுவே. நான் தம்மாம் போனப்புறம் அந்தக் குரலே போயிடுச்சு. திரும்பி வந்த நேரத்துல என் கைக்கு ஒரு சுவரு வேணும்னு சொல்லவா?"

அனீஸா மருந்துப் பஞ்சை மறுபடி நனைத்து, கழுவிய காயத்தையே இன்னொரு தரம் துடைத்தாள். அவர் வைது தீர்த்திருந்தால்கூட மனசு இவ்வளவு கனத்திருக்காது.

மறுநாளிலிருந்து அவளே கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இரண்டு நாள் வந்தார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவள் சொல்லச் சொல்ல, சொன்னபடி கால் வைத்தார். நடைபாதையில் கூட நடக்கும் சேக்காளிகள் கூப்பிட்டபோது, "இன்னொரு நாள் பேசுவோம், வீட்டுக்காரங்க நிக்கிறாங்க" என்றார். மூன்றாம் நாள் எழுப்பியபோது, "உனக்குத் தைக்கிற வேலை இருக்கு. எனக்கும் நடந்து நடந்து அலுத்துப் போச்சு" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து நாள் அப்படியே போயிற்று. ரேடியோவைக்கூடப் போடவில்லை. தெருவில் மதில் முழுசாகப் போய், ஜன்னல் வழியாக முதன்முதலாக மைதானத்துப் புல் தெரிந்தது. அனீஸா அந்தப் பக்கம் திரும்பாமலேயே தைத்தாள்.

பதினோராம் நாள் மிஷினை மூடிவிட்டு, திட்ட அலுவலகத்துக்கு நடந்தாள்.

எழில்மொழிக்கு முப்பது வயசிருக்கும். வலங்கைமான் பக்கத்துக் கிராமம். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பாதான் ஒன்றரை ஏக்கர் வாங்கி, நெல் போட்டு, மகளை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார். அனீஸா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் படத்தை விரித்தாள்.

"நாங்க அதெல்லாம் யோசிச்சிருக்கோம்க்கா. இதோ பாருங்க, மஞ்சள் டைல்ஸ். ரயில்வே ஸ்டேஷன்ல மேடு மேடா கோடு போட்டு இருக்குமே, அது. பார்வை இல்லாதவங்க கால்ல தெரிஞ்சுக்கலாம். மேலத் தெருவுல போட்டே முடிச்சாச்சு."

"நீங்க அதுல நடந்து பார்த்தீங்களா மேடம்?"

எழில்மொழி நிமிர்ந்து பார்த்தாள்.

மேலத் தெருவில், அனீஸா தன் துப்பட்டாவை மடித்து எழில்மொழியின் கண்ணைக் கட்டினாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த ஜெக்கரியாவின் கம்பைக் கையில் கொடுத்தாள். எழில்மொழி முதல் பத்தடி மெதுவாகப் போனாள். பிறகு கொஞ்சம் வேகம் வந்தது. "தெரியுதுக்கா, கால்ல நல்லாத் தெரியுது" என்று சிரித்துக்கொண்டே போனவள், நேராக விளக்குக் கம்பத்தில் போய் நெற்றியை இடித்துக்கொண்டாள். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். மஞ்சள் கோடு கம்பத்தின் அடி வரைக்கும் அழகாகப் போய், அதைச் சுற்றாமல், அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தது.

"இந்தப் படம் போட்டது நான்தான்" என்றாள். நெற்றி வீங்கத் தொடங்கியிருந்தது. அனீஸா துப்பட்டா நுனியைச் சுருட்டி வாயால் ஊதி ஒத்தடம் கொடுத்தாள். ரோட்டோரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கப்பா விடியக்காலம் தண்ணி கட்டப் போவாருக்கா" என்றாள் எழில்மொழி. "டார்ச் கிடையாது. வரப்பு மேலதான் போவாரு. எப்படிப்பா தெரியுதுன்னு கேட்டா, வரப்பே காலைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவும்பாரு." கொஞ்சம் யோசித்தாள். "எட்டடி மதில் வேணாம். ஆனா அது இருந்த இடத்துல வரப்பு மாதிரி ஒரு கல் விளிம்பு ஓடுனா? கணுக்கால் உயரம் போதும். கம்பு அதுல தட்டிக்கிட்டே போவும். ஒவ்வொரு கேட்டுலயும் விளிம்பு விட்டுப்போற எடத்துல மட்டும் டைல்ஸ்."

சொல்வது சுலபமாக இருந்தது. மேலதிகாரி, படம் ஒப்புதலாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். மழைக்கு முன்னால் வேலை முடியவேண்டும் என்றார். ஒரு ஆளுக்காகவா என்றும் கேட்டாராம். எழில்மொழி போனில் அதைச் சொன்ன அன்று சாயங்காலம், அனீஸா பழையபடி நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். "இப்பத்தானே மதிலை எடுங்கன்னு கையெழுத்து வாங்குனே?" என்று சிரித்தவர்கள் உண்டு. எதிர்வீட்டுக் கமருன்னிஸா, பிள்ளைகள் தடுக்கி விழும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் கடைசி வீட்டுத் தியாகராசன் தன் அம்மாவுக்கும் ஒரு கண் மங்கிவிட்டது என்றார். மூலைவீட்டுச் செவ்வந்தி, பிறவியிலேயே பார்வை இல்லாத தன் தம்பி பத்து வருஷமாக இந்தத் தெருப்பக்கம் வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடுமுன் கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வந்திக்கு அப்படி ஒரு தம்பி இருப்பதே இத்தனை வருஷத்தில் அனீஸாவுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு கையெழுத்து சேர்ந்தது. எழில்மொழி அதோடும் நெற்றி வீக்கத்தோடும் மறுபடி போய் நின்றாள். மூன்று வாரம் கழித்து நாலு தெருவுக்கும் சேர்த்துப் படம் மாறியது.

விளிம்புக் கல் வந்து இறங்கிய அன்று காத்தான் மேஸ்திரி வாசலுக்கு வந்தார்.

"பாய், கொஞ்சம் வாங்க. உயரம் எவ்வளவு வைக்கிறதுன்னு தெரியல. நீங்கதான் சொல்லணும்."

"இன்ஜினியர் அம்மா சொல்லியிருப்பாங்கள்ல?"

"உங்களைக் கேட்டுட்டுத்தான் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க."

உள்ளேயிருந்து அனீஸா கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெக்கரியாவின் கட்டில் கிறீச்சிட்டது. அவராகவே செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார்.

காத்தான் கல்லைச் சும்மா அடுக்கி வைத்திருந்தார். ஜெக்கரியா கம்பை அதில் தட்டி நாலடி நடந்தார். நின்றார். "தாழ்வா இருக்கு. கம்பு மேல ஏறிடுது. ரெண்டு விரல்கடை ஏத்துங்க" என்றார். ஏற்றினார்கள். மறுபடி நடந்தார். குந்தி உட்கார்ந்து கல்லின் இணைப்பை விரலால் தடவினார். "இந்த எடத்துல மட்டம் இல்ல பாருங்க, அரை நூல் தூக்கியிருக்கு." காத்தான் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமா!" என்றார். கிரேனில் முப்பது டன் தூக்கி மில்லிமீட்டர் கணக்கில் இறக்கிய கை அது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அனீஸா மூன்று தரம் கூப்பிட்டனுப்ப வேண்டியிருந்தது.

மழை ஓய்ந்து, மாசியில்தான் வேலை முடிந்தது. ஜெக்கரியா பழையபடி சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார். அனீஸா கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நிற்பாள். அவர் போய்த் திரும்புவார். ஒரு வாரத்தில் அவளுக்கும் வாசலில் நிற்பது மறந்துபோயிற்று.

ஒருநாள் வெயில் ஏறியும் அவர் வரவில்லை. எட்டு மணி. எட்டரை. ஜெர்ஸியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தபோது போன் அடித்தது.

"அனீஸா, நான் எங்க இருக்கேன் சொல்லு பார்ப்போம்?"

"விளையாடாதீங்க மச்சான். எங்க இருக்கீங்க?"

"அதைத்தான் கேக்குறேன். கேட்டுல உள்ள திரும்பாம, விளிம்பு கூட்டிட்டுப் போற வழியே வந்துட்டேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை திரும்பியாச்சு. பாபநாசம், கும்பகோணம்னு கண்டக்டர் கத்துறான். வைக்கோல் வாசம் ஆளைத் தூக்குது. எங்கயோ அறுப்பு மெஷின் ஓடுது."

வடக்குத் தெரு. மைதானத்துக்கு நேர் அந்தப் பக்கம். அதைத் தாண்டினால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் வயல். அவர் கண் போனதிலிருந்து அவ்வளவு தூரம் தனியாகப் போனதில்லை. கண் இருந்தபோதும் விடுமுறைக்கு வந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கிறது?

"அங்கேயே இருங்க. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டிட்டுப் போக வராதே. சும்மா வா. இங்க ஒரு கடையில பால்பன் வாசம் வருது. உனக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கேன்."

அனீஸா வீட்டைப் பூட்டினாள். டிராக் பேண்டோடு வந்து நின்ற ஓட்டப்பந்தயப் பெண்ணிடம், "சாயங்காலம் வாம்மா, அவங்க கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, மதில் இருந்த இடத்தைத் தாண்டி, வளாகத்துக்குள் குறுக்கே நடந்தாள். பாதி வழியில் ஓட்டமும் நடையுமாக ஆகிவிட்டது.